ஆயா மாஷி சொல்லாத வாக்கியம்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, துர்கா பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்த மழைக்காலம். கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இருபது வயது. பவானிபூரில் ஒரு தனியார் கல்லூரியில் டிஜிட்டல் மீடியாவும் கம்யூனிகேஷனும் சேர்ந்த மூன்று வருடப் படிப்பில் இரண்டாம் வருடத்தில் இருந்தேன்.

அப்பா சுங்க இலாகாவில் வேலை பார்த்தார். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தபோது எனக்கு ஏழு வயது. அதனால் தமிழ் எனக்கு வீட்டுக்குள் மட்டும்தான். வாசலைத் தாண்டினால் எல்லாமே பெங்காலி. அம்மாவிடம் பேசுவதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சரளமாகப் பேசுவேன்.

அந்தப் படிப்பில் நான் சேர்ந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஆபீஸ் நண்பர்களின் பிள்ளைகள் இன்ஜினீயரிங்கிலும் கம்ப்யூட்டரிலும் இருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” எனக்கே தெரியாது. எங்கள் ஆசிரியர்களுக்கும் சரியாகத் தெரியாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. பத்திரிகை என்பார் ஒருவர், டிவி என்பார் இன்னொருவர், இனிமேல் எல்லாம் வெப்சைட்தான் என்பார் மூன்றாமவர். பெங்காலியில் செய்திச் சேனல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய சமயம் அது. சால்ட் லேக் செக்டார் ஐந்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஏதோ ஒன்றுக்குள் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கும் என்று நம்பினேன். அப்பா பேங்க் பரீட்சைக்கான விண்ணப்பங்களை வாங்கி என் மேஜையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் அவற்றின் மேல் என் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த மாதம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உழைக்கும் பெண் ஒருவரைப் பற்றி ஆறு நிமிட டாக்குமென்டரி எடுக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு கேமரா, ஆளுக்கு ஒரு டேப். படத்தைக் கொடுத்த பிறகு டேப்பைத் திருப்பித் தந்துவிட வேண்டும், அடுத்த வகுப்புக்கு அதே டேப்தான் போகும்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆயா மாஷிதான்.

கொல்கத்தாவில் நர்ஸிங் ஹோம்களில் நோயாளிக்குத் துணையாக, குளிப்பாட்ட, துடைக்க, சோறு ஊட்ட, ஷிப்ட் கணக்கில் வரும் பெண்களை ஆயா என்பார்கள். மாஷி என்றால் சித்தி, பெரியம்மா. அதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பன்னிரண்டு நாள் கூடவே இருந்தவர் இவர். ஐம்பது வயதிருக்கும். பஜ்பஜ் லைனில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து தினமும் ரயிலில் வந்து லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்குவார். ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து அம்மாவை விசாரித்துவிட்டுப் போவார். அம்மாவின் பெங்காலி அரைகுறை. மாஷிக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

படம் எடுக்க வேண்டும் என்றதும் மாஷி வெட்கப்பட்டார். பிறகு ஒப்புக்கொண்டார். நர்ஸிங் ஹோமுக்குப் பின்னால் ஆயாக்கள் புடவை மாற்றிக்கொள்ளும் ஒரு சின்ன அறை உண்டு. அங்கேதான் இரண்டு மதியங்கள் எடுத்தேன். முதல் நாள் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தார். தலையை நன்றாக வாரியிருந்தார்.

முதல் நாள் தன்னைப் பற்றிச் சொன்னார். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன். இந்த வேலை பார்த்துத்தான் அவனை பி.ஏ. வரை படிக்க வைத்தார். அவன் தாக்குரியா பக்கம் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுக்கிறான், வீட்டிலும் டியூஷன் உண்டு, போன வருடம் கல்யாணமும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி அம்மாவைப் பார்க்க வந்துவிடுவான். வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இரு என்று ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவான். “கையும் காலும் ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு சொல்லிடுவேன்” என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் தான் பார்த்த நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். அதில் ஒருவர் வயதான பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வாரம் படுக்கையில் இருந்து இறந்துபோனவர். அவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் மாஷி அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னார்.

“மகன் ஒரு தடவைகூட வரல. வாசலைப் பாத்துப் பாத்தே நாள் போச்சு.”

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கோ இருந்த ஒரு வாத்தியாருக்காக அவர் அழுதார்.

நாற்பது நிமிட டேப். அதை ஆறு நிமிடமாக்க வேண்டும். கல்லூரியில் எடிட்டிங்குக்கு இரண்டே கம்ப்யூட்டர்கள். எனக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு முதல் வடிவம் செய்து எங்கள் எடிட்டிங் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா இதுல வலி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது முள் மாதிரி குத்தியது. திரும்பப் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், தன் வேலையைப் பிடித்துச் செய்யும் ஒரு பெண், அம்மாமேல் பாசமாக இருக்கும் ஒரு மகன், இதை யார் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

அப்போது நான் செய்ததை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் கேட்ட “உங்க மகன்?” என்ற கேள்வியை எடுத்தேன். அதற்கு மாஷி சொன்ன பதிலை வெட்டினேன். கேமரா வெளிச்சம் கண்ணில் படுகிறதா என்று நான் வேறொரு சமயம் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்தார்; அந்த மௌனத்தை அடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டாம் நாள் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள். யாருடைய மகன் என்பது அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். கடைசியில் அவர் கண்ணைத் துடைப்பது.

எல்லாம் சேர்த்து இருபது நொடிகூட இருக்காது. ஓட்டிப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது. நானே ஒட்டவைத்த ஒன்றைப் பார்த்து நானே அழுதேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

கல்லூரி விழாவில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்திருந்தவர் சால்ட் லேக்கில் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு செய்திச் சேனலில் பெரிய பொறுப்பில் இருந்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து, பூஜை முடிந்ததும் எங்களிடம் பயிற்சிக்கு வந்துவிடு, நன்றாகச் செய்தால் வேலையே கிடைக்கலாம் என்றார். எங்கள் வகுப்பில் யாருக்கும் அதுவரை அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

வீட்டில் அப்பா கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தச் சேனல் ஆபீஸ் எங்க இருக்கு? இங்கருந்து எந்த பஸ்?” என்று கேட்டார். மேஜையில் கிடந்த விண்ணப்பங்கள் அடுத்த நாள் காணாமல் போயின. பரிசு பெற்ற படங்களை எங்கள் பகுதிக்கும் பக்கத்துத் தாக்குரியாவுக்கும் இணைப்பு கொடுத்த கேபிள்காரரின் சொந்தச் சேனலில் ஒரு வாரம் மதிய சினிமாவுக்கு முன்னால் போடுவதாகக் கல்லூரி ஏற்பாடு செய்திருந்தது. அப்பா ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

மாஷியிடம் மட்டும் நான் படத்தைக் காட்டவில்லை. அவர் வீட்டில் டிவி இல்லை, விசிடி பிளேயரும் இல்லை, பிறகு ஒரு நாள் காட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்டாததற்குக் காரணம் அது இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கேபிளில் படம் ஓடி முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் மாஷி எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதும் அம்மாவைத்தான் தேடுவார். அன்று என்னைத் தேடினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

இரண்டு ஞாயிறாக மகன் வரவில்லையாம். பூத்திலிருந்து போன் போட்டால், “ஊருக்கெல்லாம் சொல்லிட்டியேம்மா. இனிமே நான் வந்தா என்ன, வராட்டி என்ன” என்று சொல்லி வைத்துவிட்டானாம். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்தான் சொல்லியிருக்கிறாள். இந்தப் பகுதியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய், கேபிள்காரர் நடுவில் ஒரு நாள் மறுபடி போட்டபோது படத்தையும் காட்டியிருக்கிறாள்.

மாஷி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“மா, நான் அப்படிச் சொன்னேனா? என் வாயாலதான் சொல்றேன், நானே பாத்தேன். ஆனா சொன்ன ஞாபகமே இல்ல. இப்பல்லாம் எனக்கு மறந்து மறந்து போகுது. நீதானே எதிர்ல இருந்த. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு.”

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சேனல், கோப்பை, அப்பா, எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் வந்து நின்றன. நான் சொன்னேன்:

“எல்லாம் நீங்க பேசினதுதான் மாஷி. நான் எதையும் சேர்க்கல.”

வார்த்தைக்கு வார்த்தை அது சரிதான். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுதான்.

மாஷி தலையாட்டினார். “அப்போ சொல்லியிருப்பேன். ஏதோ களைப்புல வாய் தவறியிருக்கும்” என்றார். டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பெங்காலி அரைகுறையாகத் தெரிந்தாலும் அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

“எட்டி, அவ கேட்டதுக்கு நீ பதில் சொல்லலயே. அவ மகன் வாராவாரம் வாரானே, எங்கிட்டயே எத்தன தடவ சொல்லிருக்கா. பெறவு அவ எப்படி அப்படிச் சொல்லுவா?”

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பன்னெண்டு நாள் எனக்குப் பீயும் மூத்திரமும் அள்ளினவ அவ. நீ என்னத்த மறைக்கே?”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் டேப்பைத் தேடினேன். முழு டேப்பையும் மகனிடம் போட்டுக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் டேப் முதல் வருட மாணவர்களிடம் போயிருந்தது. வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஏரியில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஓட்டினேன், படகுகள். இன்னும் முன்னால் ஓட்டினேன், படகுகள். கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததும் இடம் வேண்டும் என்று அழிக்கப்பட்டிருந்தது. டேப்பின் கடைசியில் மட்டும் சில நொடிகள் மிச்சமிருந்தன. படகு மறைந்து மாஷியின் முகம் வந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு, கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்கிறார்: “முடிஞ்சுதா மா? நல்லா பேசினேனா?”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

எடிட்டிங் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வயதுகூட ஆகாதவர். கதவைச் சாத்திவிட்டு, “எடிட்டிங்னாலே இதுதான். எல்லாரும் செய்யறதுதான்” என்றார். அவர்கள் குடும்பத்தில் அவர்களே சரிசெய்துகொள்வார்கள், நீ போய்க் கிளறினால் சேனல் வாய்ப்பும் போகும், கல்லூரிக்கும் கெட்ட பெயர் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வலி எங்கே என்று கேட்டது அவருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். ஆனால் வெட்டிய கை என்னுடையது.

மறுநாள் மதியம் நர்ஸிங் ஹோமுக்குப் போனேன். மாஷி அந்தச் சின்ன அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசிவிடுவேன் என்று பயமாக இருந்தது. எந்த வாக்கியத்தை எங்கே எடுத்தேன், எதை வெட்டினேன், எல்லாம் சொன்னேன். சனிக்கிழமை பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. பெரிய ஒரு மூச்சு விட்டார்.

“அப்போ எனக்குப் புத்தி பேதலிக்கல.”

மூன்று நாளாக அந்தப் பயத்தோடு அவர் நோயாளிகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நேரத்துக்குச் சரியாகக் கொடுக்கிறோமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை நர்ஸிடம் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாராம். அதை அவர் சொன்னபோதுதான் நான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று புரிந்தது.

அப்புறம் கேட்டார். “ஏம்மா அப்படிச் செஞ்ச?”

“படம் நல்லா வரணும்னு மாஷி.”

“நான் சொன்னது நல்லா இல்லையா?”

மாஷி டிபன் டப்பாவை மூடினார். வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தன் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, “வா, அவன்கிட்ட சொல்லு” என்றார்.

ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாஷி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகனுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். மெலிந்த உடம்பு, கண்ணாடி. இரண்டு அறை வீடு. முன்னறையில் அவருடைய மாணவர்களுக்கான பெஞ்சுகள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் கிட்டே வரவில்லை. அவர் மனைவி உள்கதவில் சாய்ந்து நின்றாள்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்த முழு டேப் எங்க?”

“அழிஞ்சுபோச்சு.”

“அப்போ அம்மா அழைச்சிட்டு வந்து உன்னைச் சொல்ல வைக்கலேன்னு நான் எப்படி நம்புறது?”

மாஷி சட்டென்று தரையைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த மகனுக்குத் தன் அம்மாவிடம் அப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது. அதை நான்தான் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தேன்.

மனைவி அப்போதுதான் பேசினாள். சத்தம் போடவில்லை. “எங்க அம்மா வீட்டுல அத்தனை பேரும் பாத்தாங்க. இவரால அங்க தலை நிமிர்ந்து உக்கார முடியல. ரெண்டு பிள்ளைங்கள டியூஷன்லருந்து நிறுத்திட்டாங்க. பெத்த தாயைப் பாக்காதவர் எங்க பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவார்னு கேட்டாங்களாம். நீ இந்த ரூம்ல வந்து எங்ககிட்ட சொன்னா போதுமா?”

போதாது என்று எனக்கும் தெரிந்தது. “எங்க காட்டினாங்களோ அங்கேயே சொல்றேன்” என்றேன்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

“டிவியிலயே சொல்லப் போறியா?”

“ஆமாப்பா.”

“அப்போ அந்தச் சேனல் வேலை?”

“கிடைக்காதுப்பா.”

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பா “சரி” என்றார். மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

கேபிள்காரர் முதலில் மறுத்தார். உன் காலேஜ் பிரச்சினையை என் சேனலுக்கு ஏன் கொண்டுவருகிறாய் என்றார். அடுத்த நாள் அம்மாவும் என்னோடு வந்து, தன் அரைகுறைப் பெங்காலியில் ஆபரேஷனிலிருந்து தொடங்கிப் பேசினாள். அவர் பாதியிலேயே கையை உயர்த்தி, சரி, ஒரு நிமிடம், இரண்டு நாள் மதிய சினிமாவுக்கு முன்னால் என்றார்.

வயர்களும் பெட்டிகளும் அடைத்துக் கிடந்த ஓர் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அதுவரை எத்தனையோ பேரை அப்படி உட்கார வைத்து, பயப்படாமல் பேசுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். லென்ஸுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாய் எப்படி உலர்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். நினைவில் வந்ததைச் சொன்னேன். அந்தப் படத்தில் மாஷி சொல்வது தன் மகனைப் பற்றி இல்லை. இறந்துபோன ஒரு நோயாளியைப் பற்றி. அவர் மகன் வாராவாரம் வருகிறவர். இடம் மாற்றி வைத்தது நான். மாஷி வந்து கேட்டபோது பொய் சொன்னதும் நான். நடுவில் இரண்டு இடத்தில் திக்கினேன்.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவர், இன்னொரு தடவை எடுக்கலாமா, திக்கின இடத்தையாவது வெட்டிவிடட்டுமா என்றார். வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன்.

ஒளிபரப்பான அன்று அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் டிவியை அணைத்தார். பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனார். எப்போதும் போகும் பக்கத்து மார்க்கெட்டுக்குத்தான், தெரிந்தவர்கள் எல்லாரும் இருக்கும் இடத்துக்குத்தான் போனார்.

கோப்பையைக் கல்லூரி ஆபீஸில் கொண்டுபோய் வைத்தேன். நடுவராக வந்தவருக்கு நானே போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், உன் நேர்மையை மதிக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. அதில் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் யோசித்திருப்பேன்.

இத்தனைக்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படி ஆகவில்லை. அந்தப் பூஜைக்கு மகன் அம்மாவிடம் வரவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் ஒரு நிமிடத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களிலும் சிலர் அதை நம்பவில்லை. நின்றுபோன பிள்ளைகள் டியூஷனுக்குத் திரும்பவில்லை. குளிர்காலம் தொடங்கிய பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலேறிப் போயிருக்கிறார். மாஷி மறுநாளே வந்து அம்மாவிடம் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். இந்தத் தடவை டீயைக் குடித்தார்.

“வந்தான். சாப்பிட்டான். ஆனா கிளம்பும்போது கேட்டான், அம்மா, என்னைப் பத்தி வெளிய யார்கிட்டயும் ஏதாவது பேசறியான்னு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “முன்னெல்லாம் அப்படிக் கேக்க மாட்டான்.”

என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். என்னோடு நன்றாகவே பேசினார். ஆனால் தன் மகனைப் பற்றி என் முன்னால் அதிகம் பேசமாட்டார்.

படிப்பை முடித்தேன். செய்திச் சேனல் எதிலும் நான் சேரவில்லை. செக்டார் ஐந்தில் கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் முதல் வேலை கிடைத்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தி ரேடியோவுக்குப் போனாள், இரண்டு பேர் விளம்பரக் கம்பெனிக்கு, ஒருவன் வெப்சைட் வடிவமைப்புக்கு. நாலைந்து பேர் சம்பந்தமே இல்லாத வேலைகளுக்குப் போனார்கள். பிறகு நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து, இங்கேயும் எடிட்டிங் வேலைதான் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து, இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார்கள். இருக்கிறது, முன்னைவிட நிறையவே இருக்கிறது என்று சொல்கிறேன். மென்பொருளைப் பற்றிக் கேட்பார்கள், சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வேன். மாஷியைப் பற்றி ஓரிருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லத் தொடங்கினால் சனிக்கிழமை மதியம் நான் சொன்ன அந்தப் பொய்யையும் சொல்ல வேண்டியிருக்கும். அது இன்றும் எளிதாக வாயில் வருவதில்லை.

இத்தனை வருடமாகிவிட்டது. யாரோ ஒருவர் பேசியதை வெட்டுவதற்கு மவுஸின்மேல் கை வைக்கும்போதெல்லாம், அவர் சொன்னது நன்றாக இல்லையா என்று ஒரு குரல் அமைதியாகக் கேட்கிறது; அதற்கு நேர்மையாகப் பதில் சொன்ன பிறகுதான் என்னால் அடுத்த வெட்டுக்குப் போக முடிகிறது.